காரில் மியூசிக் பிளேயர் சத்தம் போதவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ரேடியோ போட்டால் கதவுப் பலகை அதிர்கிறது. அதே ஸ்டீரியோவில் பிளேயரைச் செருகினால் பாட்டு பக்கத்து வீட்டில் ஓடுவதுபோல் கேட்கிறது. இந்தப் புகாரோடு வருகிறவர்களில் பாதிப் பேர் "ஆம்ப்ளிஃபயர் போட்டுவிடலாமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் வேண்டியிருக்காது. சத்தம் ஸ்டீரியோவுக்குள் போவதற்கு முன்பே எங்கோ குறைந்திருக்கும். அந்த இடத்தைப் பிடித்துவிட்டால் பத்து நிமிட வேலை, செலவும் அநேகமாக இருக்காது.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் ஒரு தலைப்பு உண்டு. உங்கள் வண்டியில் என்ன நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அதற்கு முன்னால் ஒரு சோதனை, அதை மட்டும் யாரும் தாண்ட வேண்டாம்.

எதையும் தொடுவதற்கு முன்

வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டீரியோவில் ரேடியோவைப் போடுங்கள். வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு வால்யூம் வைத்து, அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமைக் குறைத்துவிட்டு பிளேயரை இணைத்து, மறுபடி அதே எண்ணுக்குக் கொண்டு வாருங்கள்.

ரேடியோ நன்றாகக் கேட்டு பிளேயர் மட்டும் மெதுவாக இருந்தால், ஸ்பீக்கர்களையும் ஸ்டீரியோவின் ஆம்ப்ளிஃபயரையும் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். இரண்டுமே மெதுவாக இருந்தால் "எதைப் போட்டாலும் சத்தம் குறைவு" என்ற பகுதிக்குப் போங்கள்.

அடுத்து, பிளேயரில் நேரடியாக ஹெட்ஃபோனைச் செருகிக் கேளுங்கள். காதில் பளிச்சென்று கேட்டால் பிளேயர் நலம்; வயரிலோ ஸ்டீரியோவின் ஆக்ஸ் (வெளிக் கருவியை வயரால் இணைக்கும் துளை) அமைப்பிலோதான் கோளாறு. ஹெட்ஃபோனிலும் முனகினால் பிளேயருக்குள்ளேயே ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. மெதுவாக ஓடும் பிளேயருக்காக ஸ்டீரியோவை உச்சத்துக்கு ஏற்றி வைத்துவிட்டு, அப்படியே ரேடியோவுக்கு மாற்றாதீர்கள். காதும் போகும், ஸ்பீக்கரும் போகும். மாற்றுவதற்கு முன் குறைத்துவிடுவது பழக்கமாக வேண்டும்.

ஆக்ஸ் வயரில் மட்டும் சத்தம் குறைவு

அதிகம் வரும் கோளாறு இதுதான். எளிதானதிலிருந்து தொடங்குவோம்.

*பிளேயரின் சொந்த வால்யூம்.* ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து எடுக்கும்போது இரண்டு வால்யூம்கள் ஒன்றன் பின் ஒன்றாக வேலை செய்கின்றன. வீட்டில் காதுக்கு இதமாக வைத்த அளவிலேயே காரில் செருகுவார்கள், பிறகு ஸ்டீரியோவைத் திட்டுவார்கள். பிளேயரை 80 முதல் 90 சதவீதம் வரை ஏற்றி அங்கேயே விட்டுவிட்டு, மற்றதை ஸ்டீரியோவில் கூட்டிக் குறையுங்கள். பிளேயரைக் குறைத்து வைத்து ஸ்டீரியோவை ஏற்றினால் பாட்டோடு சேர்ந்து 'ஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும்.

*வால்யூம் வரம்பு.* அமைப்புகளில் 'வால்யூம் லிமிட்' என்றோ 'மீடியா வால்யூம் லிமிட்டர்' என்றோ ஒன்று இருக்கும். பழைய ஐபாடிலும் இது உண்டு, இன்றைய போன்களிலும் உண்டு. பிள்ளைகள் கையில் கொடுக்கும்போது போட்டுவைத்து மறந்திருப்பார்கள். ஐரோப்பியச் சந்தைக்கென்று செய்த பிளேயர்களில் இன்னொன்றும் சேரும்: அங்குள்ள தர விதிகளின்படி சாதாரணமாக 85 டெசிபல் அளவில் நிற்கும், எச்சரிக்கையைப் படித்து ஒப்புக்கொண்டால்தான் 100 வரை போகும். மொத்தம் 20 மணி நேரம் அப்படிச் சத்தமாகக் கேட்ட பிறகு மறுபடியும் சம்மதம் கேட்கும். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே ஏற்பாடு பல இடங்களில் உண்டு. "நேற்று வரை நன்றாகத்தான் இருந்தது, இன்றைக்குத் தானாகவே குறைந்துவிட்டது" என்று சொன்னால் நான் முதலில் திரையில் அந்த எச்சரிக்கை காத்துக்கொண்டிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன். ஆக்ஸ் வயரைச் செருகினாலும் போனைப் பொறுத்தவரை அது ஹெட்ஃபோன்தான். மறுமுனையில் கார் இருப்பது அதற்குத் தெரியாது.

*சமன்படுத்தும் வசதிகள்.* ஐபாடிலும் ஐபோனிலும் 'சவுண்ட் செக்', மற்ற பிளேயர்களில் 'ரீப்ளே கெயின்' அல்லது 'நார்மலைஸ்'. எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவது இவற்றின் வேலை. ஆனால் சத்தமான பாட்டைக் குறைத்துத்தான் அதைச் செய்யும். அணைத்துப் பாருங்கள். ஈக்வலைசரும் அப்படித்தான்: பல பிளேயர்களில் பாஸ் பூஸ்ட் போட்டால், உடைசல் (அளவு மீறிய கரகரப்பு) வராமலிருக்க மொத்த அளவையும் பிளேயர் இறக்கிவிடும். 'ஃபிளாட்' வைத்துவிட்டு பாஸை ஸ்டீரியோவில் ஏற்றுங்கள்.

*ஜாக்கில் அழுக்கு.* சட்டைப்பையில் கிடக்கும் பிளேயர் என்றால் இதைப் பார்க்காமல் மேலே போகக் கூடாது. ஒவ்வொரு தடவை பின்னைச் செருகும்போதும் பையிலிருக்கும் துணிப் பிசிறு கொஞ்சம் உள்ளே போய், அடியில் அழுந்தி அழுந்திக் கெட்டியாகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பக்கம் சுத்தமாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தால் அது பிசிறுதான். பின் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் போதும், சத்தம் குறையும், ஒரு பக்கம் போகும், தொட்டால் கொரகொரக்கும். பிளேயரை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் ஓரமாக வழித்து எடுங்கள். ஊசி, பேப்பர் கிளிப் வேண்டாம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தகடு வளைந்துவிட்டால் அப்புறம் ஜாக்கையே மாற்ற வேண்டும். பிளேயருக்குத் தடித்த உறை போட்டிருந்தால் அதைக் கழற்றியும் ஒரு தடவை செருகிப் பாருங்கள். உறையின் விளிம்பு பின்னைத் தடுப்பது சாதாரணமாக நடக்கும்.

*ஸ்டீரியோவின் ஆக்ஸ் லெவல்.* இது இருப்பதே பலருக்குத் தெரியாது. பெரும்பாலான ஸ்டீரியோக்களில் ஒவ்வொரு மூலத்துக்கும் தனியாக அளவு வைக்கலாம். ஆடியோ அமைப்புகளில் 'ஆக்ஸ் லெவல்', 'சோர்ஸ் லெவல்', 'இன்புட் கெயின்' என்று ஏதாவது ஒரு பெயரில் ஒளிந்திருக்கும். சிலவற்றில் ஆக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே இந்த மெனு தெரியும், அதனால் ரேடியோவில் வைத்துத் தேடினால் கிடைக்காது. லோ, மிட், ஹை என்று மூன்று படிகள் இருக்கலாம், அல்லது மைனஸ், பிளஸ் எண்கள் இருக்கலாம். ஏற்றிவிட்டுக் கேளுங்கள். "இத்தனை வருடம் இது தெரியாமல் ஓட்டினேனே" என்று சிலர் தலையில் அடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான்.

*வயர்.* வேறு வயர் போட்டுப் பார்ப்பதுதான் சோதனை. வளைத்து வளைத்துப் பார்த்து ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம்.

இவ்வளவும் பார்த்தும் குறைவாகவே இருந்தால், பிளேயரால் அவ்வளவுதான் கொடுக்க முடியும் என்று பொருள். சிறிய பிளேயர்களின் ஹெட்ஃபோன் ஜாக் பல நேரம் அரை வோல்ட் சுற்றித்தான் தரும். சிடி பிளேயரின் லைன் அவுட் (வேறு ஒலிக் கருவிக்கு அனுப்பவென்றே உள்ள துளை) 2 வோல்ட் வரை தரும். இரண்டுக்கும் இடையே 12 டெசிபல் வித்தியாசம். காதுக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். இதைச் சரிக்கட்ட மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஹெட்ஃபோன் ஜாக்கை விட்டுவிட்டு வேறு வாசல் பார்ப்பது. ஸ்டீரியோவில் யூஎஸ்பி இருந்தால் பிளேயரை அதில் செருகுங்கள், அல்லது பாட்டுகளை ஒரு பென் டிரைவில் போட்டுவிடுங்கள். அப்போது ஸ்டீரியோ பாட்டை எண்களாகவே எடுத்துத் தானே ஒலியாக்கும்; பிளேயரின் பலவீனம் இடையில் வராது. ஒரு கவனம்: சில வண்டிகளில் ஒரு யூஎஸ்பி சார்ஜ் செய்ய மட்டும், இன்னொன்றுதான் பாட்டுக்கு. 2003 முதல் வந்த 30 பின் ஐபாடுகளில் அடிப்பக்கத் துளையிலேயே லைன் அவுட் உண்டு. அதற்கான வயர் கிடைத்தால் பிளேயரின் வால்யூம் எங்கே இருந்தாலும் நிலையான, வலுவான அளவு வரும். 2012-இல் வந்த லைட்னிங் துளையில் அந்த வசதி இல்லை.

இரண்டாவது, டாங்கிள் (ஹெட்ஃபோன் ஜாக் இல்லாத போனில் செருகும் குட்டி இணைப்பு) வழியாக எடுக்கிறவர்கள் வேறு டாங்கிளைப் போட்டுப் பார்ப்பது. ஒரே போனில் இரண்டு டாங்கிள்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் வரும். மூன்றாவது, பிளேயருக்கும் ஆக்ஸுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு சிறிய ஹெட்ஃபோன் ஆம்ப்ளிஃபயர். பேட்டரியில் ஓடுவதாகப் பார்த்து வாங்குங்கள். கார் சார்ஜரில் ஓடுவது வாங்கினால் கீழே சொல்லும் 'உய்ங்' கூடவே வந்து சேரும்.

டிக்கியில் வைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர் இந்தக் கோளாறுக்கு மருந்தே இல்லை. அது ரேடியோவையும் சேர்த்து ஏற்றும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி அப்படியே இருக்கும்.

ஏற்றினால் கரகரக்கிறது

பிளேயரை நாலு படி குறைத்து, ஸ்டீரியோவை அதற்கேற்ப ஏற்றுங்கள். சுத்தமாகிவிட்டதா? அப்படியானால் பிளேயர் தன் எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தது, அல்லது ஆக்ஸ் உள்வாசல் நிரம்பி வழிந்தது. பாஸ் பூஸ்டை அணைத்துவிட்டு, ஆக்ஸ் லெவலை ஹையில் வைத்திருந்தால் ஒரு படி இறக்குங்கள்.

மாறவில்லை என்றால் ரேடியோவை அதே சத்தத்தில் வைத்துக் கேளுங்கள். அதுவும் கரகரத்தால் ஸ்பீக்கர்தான். பேலன்ஸையும் (இடம், வலம்) ஃபேடரையும் (முன், பின்) ஒவ்வொரு மூலைக்கும் தள்ளி எந்த ஸ்பீக்கர் என்று பிடிக்கலாம். பிடித்தபின் அந்தக் கதவுப் பலகையை உள்ளங்கையால் அழுத்துங்கள். சத்தம் நின்றால் ஸ்பீக்கர் நல்லது, தளர்ந்த கிளிப்போ கதவுப் பையில் கிடக்கும் சில்லறையோதான் ஆடுகிறது. நிற்கவில்லை என்றால் கோன் கிழிந்திருக்கலாம், சுற்றியுள்ள ரப்பர் விட்டிருக்கலாம். ஸ்பீக்கர் மாற்றும் வேலை கடைக்காரருடையது.

ஒரே ஒரு பாட்டு மட்டும் எங்கே போட்டாலும் கரகரத்தால் அந்தக் கோப்பே அப்படிப் பதிவானது. விட்டுவிடுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது, அல்லது பாடகர் குரலே காணோம்

ஒரு பக்கம் மட்டும் என்றால் பின்னைச் செருகியபடியே மெல்லச் சுற்றுங்கள். வந்து வந்து போனால் வயர் அல்லது ஜாக். சுற்றினாலும் மாற்றமில்லை என்றால் பேலன்ஸ் நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது விஷயம் வேடிக்கையானது. இசை ஓடும், கோரஸ் கேட்கும், முக்கியப் பாடகர் மட்டும் கிணற்றுக்குள் போய்விட்டிருப்பார். மொத்தச் சத்தமும் குறைந்திருக்கும். இரண்டு பக்கத்துக்கும் பொதுவான எர்த் இணைப்பு விட்டுப்போனால் இப்படி ஆகும். இடமும் வலமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, நடுவில் பதிவான குரல் மறைந்துவிடும். காரணம் பெரும்பாலும் பின்னைப் பாதி மட்டும் செருகியிருப்பது, இல்லையென்றால் மூன்று வளையம் உள்ள மைக் வகைப் பின்னைப் பொருந்தாத ஜாக்கில் போட்டது. இரண்டே வளையம் உள்ள சாதாரண ஸ்டீரியோ வயர் போட்டால் பாடகர் திரும்பி வந்துவிடுவார்.

எந்த நல்ல வயரும் சரிப்படாவிட்டால், அதே பிளேயரை அதே வயரோடு வேறு வண்டியில் போட்டுப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் உங்கள் வண்டியின் ஆக்ஸ் ஜாக் உடைந்திருக்கிறது. டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய வேலை அது, தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் 'உய்ங்'

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சத்தத்தின் சுருதியும் ஏறுகிறதா? சார்ஜர் வயரைப் பிளேயரிலிருந்து பிடுங்குங்கள். நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது: பிளேயருக்கு சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த், இரண்டுக்கும் நடுவே, எஞ்சினோடு சுழன்று வண்டிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் ஓசை சுற்றி வருகிறது.

செலவில்லாத வழி, கிளம்பும் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்வது. அடுத்தது பவர் பேங்க். அது வண்டியின் எர்த்தோடு சேராது, அதனால் 'உய்ங்' வராது. ஆனால் பவர் பேங்க்கை அதே நேரத்தில் காரில் சார்ஜ் போட்டால் பழைய கதைதான். கடைசியாக, ஆக்ஸ் வயரின் நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' என்ற சிறிய உருளையைச் செருகலாம். உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், தனி மின்சாரம் வேண்டாம். மட்டமானது வாங்கினால் பாஸ் மெலியும். இது சத்தத்தைக் கூட்டாது; ஆனால் இரைச்சலுக்குப் பயந்து குறைத்து வைத்திருந்ததை இனி தைரியமாக ஏற்றலாம்.

எதையும் செருகாமலே ரேடியோவிலும் 'உய்ங்' வந்தால் ஸ்டீரியோவின் எர்த், பேட்டரி இணைப்பு, ஆல்டர்னேட்டர் என்று போகும். நேராக ஆட்டோ எலக்ட்ரீஷியன்.

ப்ளூடூத்தில் மட்டும் மெதுவாக இருக்கிறது

இங்கேயும் இரண்டு வால்யூம்கள் உண்டு. சில ஜோடிகளில் போனில் ஏற்றினால் காரிலும் ஏறும், சிலவற்றில் தனித்தனி. பாட்டு ஓடும்போதே போனின் பொத்தானை அழுத்தி உச்சத்துக்குக் கொண்டுபோங்கள். பாட்டு நின்றிருக்கும்போது அழுத்தினால் சில போன்களில் மணியின் சத்தம்தான் ஏறும்.

போனில் முழுதாக வைத்தும் மெதுவாக இருந்தால் இரு பக்கமும் இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகச் சேருங்கள். அப்புறம் ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்புகளுக்குள் 'டிஸேபிள் அப்சொல்யூட் வால்யூம்' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இரண்டு வால்யூம்களும் பிரியும். போனை முழுதாக வைத்து, காரில் கூட்டிக் குறைக்கலாம். ஐபோனில் ப்ளூடூத் பட்டியலில் காரின் பெயருக்கு எதிரே உள்ளே போய், சாதன வகையைக் 'கார் ஸ்டீரியோ' என்று மாற்றுங்கள். ஹெட்ஃபோன் என்று நினைத்துக்கொண்டிருந்தால் காதைக் காக்கிறேன் என்று சத்தத்தை அது பிடித்து வைக்கும்.

சத்தம் குறைவதோடு தொலைபேசிக் குரல்போல் மங்கலாகவும் இருந்தால், அழைப்புக்கான இணைப்பில் பாட்டு ஓடுகிறது. போனின் ப்ளூடூத் பட்டியலில் அந்தக் காருக்கான அமைப்பில் 'மீடியா ஆடியோ' அணைந்திருக்கும், போடுங்கள்.

எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வழியாகக் கேட்கிறவர்கள்

பிளேயரின் பாட்டைக் குட்டி ரேடியோ நிலையம்போல் ஸ்டீரியோவின் ரேடியோவுக்கு அனுப்பும் கருவி இது. நிலையமே இல்லாத, வெறும் இரைச்சல் மட்டும் சீராக வரும் அலைவரிசையைத் தேடுங்கள். இருபுறமும் பக்கத்து எண்களும் காலியாக இருந்தால் நல்லது. டிரான்ஸ்மிட்டருக்கும் தனி வால்யூம் உண்டு, பலர் அதைத் தொட்டதே இருக்காது. பாட்டு ஓடும்போது அதன் பொத்தானை நெடுநேரம் அழுத்தினால் மாறும் வகைகளும் உண்டு. பிளேயரை முக்கால் அளவில் நிறுத்துங்கள். எஃப்.எம்.மில் அதற்கு மேல் திணித்தால் சத்தம் கூடாது, 'ச', 'ஷ' எழுத்துகள் சீறும்.

இந்தக் கருவிகளின் சக்தியைச் சட்டமே மிகக் குறைவாக வைத்திருக்கிறது. ஆன்டெனாவை நீட்டிக் கட்டும் வேலையெல்லாம் வேண்டாம். ஆக்ஸ் ஜாக் இருக்கும் வண்டியில் இதைப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

கேசட் அடாப்டர் (கேசட் வடிவில் ஸ்டீரியோவுக்குள் போகும் வயர் இணைப்பு) என்றால்: ஸ்டீரியோவின் ஹெட்டை, அதாவது கேசட்டைப் படிக்கும் உலோகப் பகுதியை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், டால்பியை (நாடா இரைச்சலைக் குறைக்கும் வசதி) அணையுங்கள், கேசட்டை ஒரு தடவை வெளியே எடுத்துப் போடுங்கள். பழுப்பு அழுக்கு போனாலே சத்தம் பாதி திரும்பிவிடும்.

சில பாட்டுகள் மட்டும் மெதுவாக இருக்கின்றன

கருவியில் கோளாறில்லை. பழைய பதிவுகள் பொதுவாகத் தாழ்ந்த அளவில் இருக்கும்; 1990-களுக்குப் பிறகு வந்தவற்றை அழுத்தி அழுத்தி உச்சத்தில் பதிவு செய்தார்கள். இரண்டும் கலந்த பட்டியலில் கை வால்யூமிலேயே இருக்கும்.

கணினியில் 'எம்பி3கெயின்' போன்ற மென்பொருளால் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரலாம். அது பாட்டை மறுபடி சுருக்காது, 1.5 டெசிபல் படிகளாக அளவு எண்ணை மட்டும் மாற்றும். அதனால் தரம் குறையாது. அதன் இயல்பான இலக்கு 89 டெசிபல். காருக்கு இது தாழ்வாகப்படும், 92 வைத்துப் பாருங்கள். உடைசல் வரும் என்று சிவப்பில் காட்டும் பாட்டுகளை மட்டும் காதால் கேட்டு முடிவு செய்யுங்கள். ஸ்ட்ரீமிங் செயலி என்றால் அமைப்புகளில் 'லவுட்', 'நார்மல்', 'குவயட்' போன்ற தெரிவு இருக்கிறதா பாருங்கள்.

எதைப் போட்டாலும் சத்தம் குறைவு

ஃபேடர் பின்பக்கமே போயிருக்கும், அல்லது யாரோ 'மேக்ஸ் வால்யூம்' வரம்பு வைத்திருப்பார்கள். இரண்டும் சரியென்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: பாஸ் உள்ள பாட்டைப் போட்டு, பேலன்ஸை முழுதாக ஒரு பக்கம் தள்ளுங்கள். நடுவில் வைத்ததைவிட ஒரு பக்கமாக வைக்கும்போது பாஸ் கனமாகக் கேட்டால், ஏதோ ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ், மைனஸ் மாறிப் போயிருக்கிறது. ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கிறது. வயரை மாற்றிச் செருகினால் புது ஸ்டீரியோ வாங்கியதுபோல் இருக்கும். ஸ்டீரியோ மாற்றிய வண்டிகளில் இது சாதாரணம்.

அதுவும் இல்லை என்றால்தான் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பேச்சு. ஒரு கணக்கு: ஆம்ப்ளிஃபயரின் சக்தி இரண்டு மடங்கானால் கிடைப்பது 3 டெசிபல், "கொஞ்சம் ஏறியிருக்கிறது" என்ற அளவுதான். காதுக்கு இரண்டு மடங்காகத் தெரிய ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு சக்தி. பெட்டியில் '50 வாட் 4 சேனல்' என்று அச்சடித்திருக்கும் ஸ்டீரியோ தொடர்ந்து தருவது சேனலுக்கு 20 வாட் சுற்றித்தான். அதனால் சென்சிட்டிவிட்டி (அதே சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) 87 டெசிபல் உள்ள ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 91 உள்ளதைப் போடுவது, ஆம்ப்ளிஃபயர் சக்தியை இரட்டிப்பாக்குவதைவிடப் பலன் தரும், செலவும் குறைவு.

கையை எடுத்துவிட வேண்டிய இடம்

ஸ்டீரியோவிலிருந்து கருகிய வாடை வந்தாலோ, ஃபியூஸ் மாற்ற மாற்றப் போய்க்கொண்டே இருந்தாலோ, சூடாகி நடுவில் அணைந்தாலோ அதோடு நிறுத்துங்கள். கண்ணாடி ஓரத் தூண்களையும் ஸ்டீரிங் பக்கமும் நீங்களாகப் பிரிக்க வேண்டாம். அங்கே ஏர்பேக் வயர்கள் போகின்றன, அவற்றின் கனெக்டர்கள் வழக்கமாக மஞ்சள் நிறத்தில் இருக்கும். பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குத் தனி வயர் இழுப்பதும் கைதேர்ந்தவர் வேலை. பேட்டரிக்கு அரை மீட்டருக்குள் ஃபியூஸ் போட்டிருக்கிறாரா என்று மட்டும் நின்று பாருங்கள்.

கடைக்குப் போகும்போது உங்கள் பிளேயரையும் வயரையும் கையோடு கொண்டு போங்கள். "சத்தம் போதவில்லை" என்று மட்டும் சொல்லாமல், "ரேடியோ 15-இல் நன்றாக இருக்கிறது, இதற்கு 30 வேண்டியிருக்கிறது, வேறு வயர் போட்டும் பார்த்துவிட்டேன், ஆக்ஸ் லெவல் ஹையில்தான் இருக்கிறது" என்று சொல்லுங்கள். அதைக் கேட்டபின்னும் முதல் வார்த்தையாக ஆம்ப்ளிஃபயர் விலையைச் சொன்னால், வேறு கடை பாருங்கள்.